காசு கட்டினால் ஆற்றைக் கெடுக்கலாமா?

கேள்வி: தூய்மைக்கேட்டுக்கு விலை வைத்தால் அது குறையும் என்று என் மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனை ஆலைகள். காசைக் கட்டிவிட்டுக் கழிவை ஆற்றில் விடலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்?
- வாசகி, பீடோர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான், அம்மா. ஆனால் அந்தப் பாடத்துக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்களும் எடுத்துக்காட்டுவது நம் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆலைகளைத்தான்.

1977இல் வந்த விதிகள் ஆலையின் உரிமக் கட்டணத்தைக் கழிவின் பி.ஓ.டி. எடையோடு இணைத்தன. பி.ஓ.டி. என்பது, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு. மீன் மூச்சுத் திணறிச் சாவது அதனால்தான்.

முதலில் வைத்த வரம்பு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். வரம்புக்குள் ஒரு டன் பி.ஓ.டி.க்கு 10 வெள்ளி (ரிங்கிட்), தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 100. நாளுக்கு 600 டன் குலை போடும் ஆலையில் ஏறக்குறைய 400 கன மீட்டர் கழிவுநீர் வரும். சுத்திகரிக்காவிட்டால் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 10 டன் பி.ஓ.டி. வரம்புக்குள் வரும் முதல் 2 டன்னுக்கு 20 வெள்ளி, மீதி 8 டன்னுக்கு 800. வருடத்தில் 300 நாள் ஓடினால் 246,000 வெள்ளி. அந்தக் காலத்து வெள்ளியில் இது கழிவைச் சுத்திகரிக்கக் குளம் வெட்டலாமா என்று முதலாளியை யோசிக்க வைக்கும் தொகை.

நீங்கள் அஞ்சுவது போலக் காசைக் கட்டிவிட்டுத் திறந்துவிட்ட ஆலைகளும் இருந்தன. அதனால்தான் இரண்டாம் ஆண்டிலிருந்து வரம்பு கட்டாயமானது. படிப்படியாக இறங்கி 1984இல் 100 மில்லிகிராமுக்கு வந்தது. விலையும் வேண்டும், வேலியும் வேண்டும். வரம்பு மட்டும் இருந்தால் நல்ல தண்ணீரைக் கலந்து ஏமாற்றலாம். டன்னுக்கு 10 வெள்ளி என்று எடைக்கு வைத்த கட்டணத்தை அப்படி ஏமாற்ற முடியாது.

விலை வைக்காமல் விட்டது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவுக்கு. திறந்த குளத்தில் ஒரு கன மீட்டர் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் வாயுவைக் கக்குகிறது. அதில் பாதிக்கு மேல் மீத்தேன். புதிய ஆலைகள் அதைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2014இல்தான் வந்தது. பிடித்து மின்சாரமாக்கலாம், ஆனால் மின்கம்பி தொலைவில் இருந்தால் இணைப்புச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: குளம் இருந்தும் ஆறு கறுப்பது ஏன்?
- அதே வாசகி

பதில்: பெரும்பாலும் சேறுதான். அடியில் சேறு ஏறஏறக் குளம் சிறுத்து, கழிவு தங்கும் நாள் குறையும். குலை மிகுந்த மாதத்தில் பெருமழையும் சேர்ந்தால் பாதி வெந்த கழிவு கரை தாண்டும். தேதி, நேரம், மழை பெய்ததா என்பதைக் குறித்து, வாய்க்கால் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் படம் எடுத்து, அன்றே சுற்றுச்சூழல் துறைக்குக் கொடுங்கள். ஓடும் ஆறு மறுநாள் சாட்சி சொல்லாது.