கலர் கோழிக்குஞ்சு ஏன் பிழைப்பதில்லை? கால்நடை மருத்துவர் பதில்கள்

திருவிழாவில் மகன் அடம்பிடித்து அழுததால் கலர் கோழிக்குஞ்சு இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று மறுநாளே செத்துவிட்டது, இன்னொன்று அதற்கடுத்த நாள். குருணை, தண்ணீர் எல்லாம் வைத்துத்தான் பார்த்தோம். "நான்தானேம்மா கொன்னுட்டேன்?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
*வாசகி, திண்டுக்கல்*

நீ கொல்லவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள் சகோதரி, அதுதான் உண்மை. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும், பண்ணையில் பல்பு போட்டு வைப்பார்கள். இந்தக் குஞ்சுகளையோ சாயத்தில் முக்கி எடுத்து, ஈரம் காய்ந்தும் காயாமலும் அட்டைப்பெட்டியில் நெருக்கி அடைத்து, பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கி, ராத்திரிக் குளிரில் திருவிழாக் கடையில் வைத்து விற்கிறார்கள். உங்கள் கைக்கு வரும்போதே அதற்குப் பாதி உயிர் போயிருக்கும். நீங்கள் எவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தாலும் தப்பியிருப்பது கஷ்டம்தான்.

ஆனால் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று பையன் ஒருநாள் கேட்பான், அதற்கும் பதில் தெரிந்திருக்கட்டும். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பிறந்த சேவல் குஞ்சுகள். சேவல் முட்டையிடாது. சரி, கறிக்காவது வளர்க்கலாமே என்றால், கறிக்கோழி என்பது 40 நாளில் 2 கிலோ தேறுவதற்கென்றே உருவாக்கிய வேறு இனம், முட்டை இனத்துச் சேவலுக்கு என்ன தீவனம் போட்டாலும் அந்த எடை வராது. அதனால் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த அன்றே ஆண், பெண் பிரித்து ஆணைக் கொன்றுவிடுகிறார்கள். நம் ஊரில் மட்டுமல்ல, உலகில் பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழக்கம். கொல்லாமல் விட்டதில் ஒரு பங்குக்குத்தான் பச்சையும் ரோஸும் பூசித் திருவிழாவுக்கு அனுப்புகிறார்கள். ஜெர்மனியில் 2022 முதல் இப்படிக் கொல்வதற்குத் தடை. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கருவி வந்துவிட்டது, அதனால் அவர்களால் முடிகிறது.

அந்தச் சேவல்களின் அக்கா தங்கைகள் கதி என்ன? நாமக்கல் பக்கம் போய்ப் பாருங்கள். கம்பிக்கூண்டு வரிசை, முட்டை உருண்டு முன்னால் வருவதற்காகத் தரையே சாய்வாக இருக்கும், நிற்பதும் படுப்பதும் அந்தச் சாய்வான கம்பியில்தான். ஒன்றையொன்று கொத்தக்கூடாது என்று அலகு நுனியைச் சூடான தகட்டில் தீய்த்திருப்பார்கள். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் தரவேண்டும். ஏ4 தாள் ஒன்றின் பரப்பே 620-க்கு மேல். அதாவது விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் கோழிக்குக் கிடைப்பது ஒரு தாளைவிடக் குறைந்த இடம். வீட்டுக்கோழி முட்டையிடும் முன் மூலை மூலையாகத் தேடி அலையுமே, மண்ணைக் கிளறி அதிலே புரண்டு குளிக்குமே, அந்த ஆசையெல்லாம் கூண்டுக் கோழிக்கும் அப்படியே இருக்கிறது, செய்யத்தான் வழியில்லை.

இதைச் சொன்னதும் "அப்படியானால் முட்டையே வேண்டாமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். சத்துணவில் முட்டை சாப்பிடும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் மாட்டேன். ஆனால் சத்துணவுக்காக அவ்வளவு முட்டை வாங்குவது அரசுதானே? கோழிக்கு இன்னும் கொஞ்சம் இடம், உட்கார ஒரு குச்சி, முட்டையிட ஒரு மறைவு, இதெல்லாம் கொடுக்கிற பண்ணைக்கு முன்னுரிமை என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் பண்ணைக்காரர்கள் மாறுவார்கள். வருகிற விலையில் அவர்களாக மாற முடியாது. உங்களால் ஆனது, பக்கத்தில் மேயவிட்டு வளர்ப்பவர் இருந்தால் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து அவரிடம் வாங்குங்கள். கலர் குஞ்சு மட்டும் இனி வேண்டவே வேண்டாம்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். பால், தயிர், நெய்யோடு சரி. உயிர்வதையில் எங்களுக்குப் பங்கில்லை என்றுதான் நினைத்திருக்கிறோம். என் பேத்தி பாலையும் விட்டுவிட்டாள், கேட்டால் வாக்குவாதம். யார் சொல்வது சரி?
*வாசகர், கும்பகோணம்*

ஐயா, உங்கள் பேத்தி சொல்வதில் விஷயம் இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள்.

மாடு கன்று போட்டால்தான் பால். கன்று கிடாரி என்றால் வீட்டில் சந்தோஷம், காளை என்றால் முகம் வாடிவிடும். ஏர் பூட்டிய காலத்தில் காளைக்கன்றுக்கும் மதிப்பு இருந்தது, டிராக்டர் வந்தபின் கலப்பினக் காளைக்கன்றை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? பிறந்து சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் குடித்தால்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. காளைக்கன்றுக்கு அதைப் பேருக்குக் காட்டிவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். கழிச்சல் கண்டு சில வாரத்தில் போய்விடும். கன்று போனால் மாடு பால் சுரக்காது என்று செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சியில் நிறுத்தி மாட்டின் முன்னால் வைத்துக் கறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த வைக்கோலை நக்கிக்கொண்டே பால் கொடுக்கும். எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தாலும் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அப்புறம் கறவை நின்ற மாடு. அதைச் சந்தைக்கு ஓட்டினால் அடிமாடாகத்தான் போகும். லாரியில் நெருக்கி ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோகும்போது களைத்து விழுந்த மாட்டை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் நடக்கிறது. மாட்டுக்கறி சாப்பிடுகிறவரைக் குறை சொல்லி இதில் ஒரு பயனும் இல்லை, அந்த மாட்டை அத்தனை வருஷம் கறந்து குடித்தது நீங்களும் நானும்தான். விவசாயியையும் திட்டாதீர்கள், கறவை நின்ற மாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் தீவனம் போட அவருக்கு வருமானம் எங்கே இருக்கிறது?

பாலை விட வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெண் கன்றாகவே பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது கிடைக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரிதான். அதைப் போடும் மாட்டுக்காரரிடம், கன்றுக்கு ஒரு காம்பு விட்டுக் கறப்பவரிடம், லிட்டருக்குக் கூடக் கொடுத்து வாங்குங்கள். 'எங்களுக்குப் பங்கில்லை' என்பதை மட்டும் பேத்தியிடம் சொல்லாதீர்கள்.

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஆபீஸ் நண்பர்கள் சொல்கிறார்கள். "கொன்றால் பாவம் தின்றால் போச்சு" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உங்கள் கருத்து?
*வாசகர், உசிலம்பட்டி*

தின்றுவிட்டால் பாவம் போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கறிக்கோழி வாங்குகிறவர்களாக இருந்தால் இந்த வார்த்தையைச் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஊருக்குள் மேய்ந்து, வெயிலும் மழையும் பார்த்து, நாலு பேர் கையால் தின்று வளர்ந்தது. கறிக்கோழியோ டூவீலரின் இரண்டு பக்கமும் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கியபடி, சில சமயம் தலை ரோட்டில் உரசியபடி கடைக்குப் போகிறது. 1950-ஆம் வருஷத்துப் பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-இல் தூசி தட்டி எடுத்தது, அடுத்த வருஷமே ரத்து செய்தது. அந்தச் சண்டையில் தலைகீழாகத் தொங்கும் கோழியைப் பற்றி யாருமே பேசவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கிடாவின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டாதீர்கள். மற்றவற்றை மறைவில், தண்ணீரும் தழையும் வைத்துக் கட்டுங்கள். அரிவாள் ஒரே வீச்சில் முடிக்கிற பதத்தில் இருக்கட்டும், குடித்துவிட்டு வருபவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். தீர்த்தம் தெளித்து, சம்மதம் என்று அது உடம்பைத் துலுக்கும் வரை காத்திருக்கிற ஊர்தானே உங்களுடையது, இதையும் செய்ய முடியும்.

கோயிலில் யானை இருந்தால்தான் களை. குழந்தைகளுக்கும் ஆசை. அதைக் காட்டுக்கு அனுப்பு என்கிறார்களே, பாசமாகத்தானே வளர்க்கிறோம்?
*வாசகி, திருநெல்வேலி*

பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாகன்களில் பலர் பெற்ற பிள்ளையைவிட யானையிடம் உயிராக இருப்பவர்கள். ஆனால் யானைக்கு வேண்டியது இன்னொரு யானை. பெண் யானைகள் ஆயுள் முழுக்கத் தாய், சித்தி, அக்கா என்று கூட்டமாகவே வாழும். அதைக் குட்டியிலேயே பிரித்துக் கல்தளத்தில் தனியாகக் கட்டினால், பாதம் வெடித்து, நகத்தில் சீழ் பிடித்து, நின்ற இடத்திலேயே தலையையும் உடம்பையும் ஆட்டிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு ஆடுகிறது என்று நாம் ரசிக்கிறோமே, அது மனசு நொந்ததன் அடையாளம். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் அவ்வளவு காலம் பழகிய யானையே பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அந்த யானையைக் குறை சொல்வதா, அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் தவித்தேன்.

இப்போது இருக்கிற யானைகளில் பலவற்றைக் காட்டில் விட்டால் பிழைக்காது, அதனால் விடச் சொல்ல மாட்டேன். மண்தரை, குளம், தினம் நடை, கூடவே இன்னொரு யானை, இவற்றைக் கொடுங்கள். புதிதாக ஒன்றை மட்டும் கொண்டுவராதீர்கள். திருச்சூர் பக்கம் இரிஞ்சாடப்பிள்ளி கோயிலில் 2023-இலிருந்து இயந்திர யானை வைத்துத்தான் சடங்கு நடக்கிறது, களைக்கு ஒன்றும் குறைவில்லை.

எங்கள் குடியிருப்பில் தெருநாய்ச் சண்டை. சிலர் படிக்கட்டிலேயே சோறு வைக்கிறார்கள். ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போனால்தான் என்ன?
*வாசகர், சென்னை*

முதலில் அந்தக் குழந்தை. நாய் கடித்தால், கீறினால்கூட, குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. தடுப்பூசியை எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும், ஏனென்றால் ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் காப்பாற்ற மருந்து இல்லை. நாய் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த விஷயத்தில் குழந்தை பக்கம்தான் நிற்பேன்.

பிடித்துக்கொண்டு போவது பற்றி. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதியே அதை மாற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநாயையும் கடிக்கிற சுபாவம் உள்ளதையும் மட்டும் விடக்கூடாது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. பிடித்து அடைக்க இடம் எங்கே, அடைத்தபின் அத்தனைக்கும் சோறு போடுவது யார்? உங்கள் தெருவைக் காலி செய்தாலும் கறிக்கடைக் கழிவும் குப்பைத்தொட்டியும் அப்படியே இருந்தால் அடுத்த தெரு நாய், ஊசி போடாத நாய், அங்கே வந்து சேரும். ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதாவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் ரேபிஸ் பரவுவது நிற்கும். ஊசி போட்டு அடையாளத்துக்குக் காது நுனி வெட்டிய நாயைத் துரத்திவிட்டுப் போடாத நாயை வரவேற்பது உங்களுக்கே ஆபத்து.

சோறு வைப்பவர்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் செய்வது பாதி வேலைதான். நாய்க் கருத்தடை பற்றி மத்திய அரசு கொண்டுவந்த 2023-ஆம் ஆண்டு விதிகளே படிக்கட்டு, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றை விட்டுத் தள்ளி, நேரம் குறித்துச் சோறு வைக்கச் சொல்கின்றன. நீங்கள் கூப்பிட்டால் வருகிற நாய் அது, மாநகராட்சி வண்டியைக் கண்டால் ஓடிவிடும், ஆகவே கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். அதைச் செய்யாமல் சோறு மட்டும் வைத்தால் வருஷா வருஷம் குட்டிகள் கார் டயரில் நசுங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாயை முழம் நீளச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டியே வைத்திருக்கிறார்கள். நிழல் கிடையாது. சட்டம் ஏதாவது இருக்கிறதா?
*கல்லூரி மாணவர், வேலூர்*

இருக்கிறது தம்பி. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கி 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம். பிரிவு 11-இல் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதே குற்றம் என்று எழுதியிருக்கிறது. அபராதம்தான் முதல்முறைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், பல வருஷமாக அப்படியே. 2022-இல் தண்டனையைக் கூட்ட வரைவு வெளியிட்டார்கள், இன்னும் சட்டமாகவில்லை. எம்.பி.க்களிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான். விஷம் வைத்தாலோ அடித்து முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 325, ஐந்து வருஷம் வரை சிறை.

முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள், சண்டை பிடிக்காமல். கழுத்துப் பட்டையை ஒருமுறை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டியில் மாட்டிய பட்டையைக் கழற்றாமல் விட்டு, அது சதைக்குள் புதைந்து புழு வைத்தபின் என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறைய, அவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை, திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பேசியும் கேட்கவில்லை என்றால் தேதியோடு படம் எடுத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "நாய்க்கெல்லாமா புகார்?" என்பார்கள், ரசீது இல்லாமல் வராதீர்கள். அதற்குள் அவர்கள் சம்மதத்தோடு மாடியில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு தார்ப்பாயும் போட முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள், வேலூர் வெயிலில் புகார் முடியும் வரை அது தாங்காது.