ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏன் ஒரு கிலோ எடை இருப்பதில்லை? கிலோவுக்கு எப்படி மாற்றுவது?

லிட்டர் என்பது கொள்ளளவு, கிலோ என்பது எடை. தண்ணீருக்கு இவ்விரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், எல்லாத் திரவங்களும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த எண்ணெய் ஒரு லிட்டருக்குச் சுமார் 910 முதல் 920 கிராம் வரைதான் நிற்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால், வீட்டுக் கணக்குக்கு எல்லாவற்றுக்கும் 0.91 என்றே வைத்துக்கொள்ளலாம். லிட்டரை 0.91 ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும், கிலோவை 0.91 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 15 மில்லி கொள்ளும் மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 14 கிராம் எண்ணெய் இருக்கும்.

விலையை ஒப்பிடும்போதுதான் இது உண்மையில் பயன்படும். செக்கு எண்ணெய் கிலோ 400 ரூபாய் என்றும், பாக்கெட் எண்ணெய் லிட்டர் 370 ரூபாய் என்றும் இருந்தால், பின்னது மலிவாகத் தோன்றும். ஆனால் 370ஐ 0.91 ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 407 ரூபாய் வருகிறது. விசேஷத்துக்கு டின் வாங்குவோர் இன்னும் கவனிக்க வேண்டும்: 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும், 15 கிலோ டின்னிலோ பதினாறரை லிட்டர் இருக்கும்.

வெப்பம் ஏறினால் எண்ணெய் விரிவடைந்து, அதே லிட்டரின் எடை குறையும். சில நிறுவனங்கள் 60 டிகிரி வெப்பநிலையில் அளந்த கொள்ளளவை உறையில் அச்சிட்டு வந்ததால், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவோடு எடையையும் அச்சிடுமாறு இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அறிவுறுத்தியது. ஆகவே உறையில் கிராம் கணக்கைப் பாருங்கள்.