பீகார் குலுங்கியது எதனால்?

கேள்வி: "சாமி நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் எது உண்மை, எது நியாயம் என்று தெரியும்" என்கிறார் என் மாமனார். ஒத்துக்கொள்வதா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: மாமனாரோடு உங்களை மல்லுக்கு நிறுத்த மாட்டேன். எங்கள் திருநெல்வேலியில் காந்தி பேசிய ஒரு பேச்சைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

1934 ஜனவரி 15, மதிய நேரம். வடக்கு பீகாரையும் நேபாளத்தையும் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர் நகரமே இடிந்து கிடந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இது என்றார்.

தாகூருக்குப் பொறுக்கவில்லை. அவரும் கடவுளை நம்பியவர், தீண்டாமையை வெறுத்தவர். இயற்கையில் நடப்பதற்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இந்த மாதிரி வாதம் உங்களைவிட உங்கள் எதிரிகளுக்குத்தான் பொருந்தும், இது உங்களால் வந்த தெய்வக் கோபம் என்று அவர்கள் திருப்பிச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்ற பொருளில் எழுதினார். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே போட்டார் (அந்தப் பெருந்தன்மை இன்று எந்தத் தலைவருக்கு உண்டு?). ஆனால் இறங்கி வரவில்லை. என்னால் நிரூபிக்க முடியாது, ஆனாலும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றுகிறது என்று பதில் சொன்னார்.

தீண்டாமை பற்றிக் காந்தி சொன்னது சரி, நிலநடுக்கம் பற்றிச் சொன்னது தப்பு. இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து, ஒரே உறுதியோடு வந்தவை. எது சரி, எது தப்பு என்று அந்த உறுதியை வைத்துச் சொல்ல முடியாது. வெளியே வந்துதான் பார்க்க வேண்டும். இந்திய நிலத்தட்டு இமயமலைக்கு அடியில் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் 1988-லும் 2015-லும் மறுபடி ஆடியது. செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க விடாத ஊர்கள் அன்று எங்கள் ஜில்லாவிலும் நிறைய இருந்தன. இங்கே ஒரு வீட்டின் ஓடுகூட நகரவில்லையே! முங்கேரில் இடிபாட்டுக்குள் கிடந்தவர்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு எதற்குத் தண்டனை?

சரி, நியாயத்துக்காவது நம்பிக்கை வழிகாட்டுமா? 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். உள்ளே போனவர்களுக்கும் பக்தி, கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கொதித்தவர்களுக்கும் பக்தி. இரு பக்கமும் விபூதி, இரு பக்கமும் சாஸ்திரம். பக்தியை மட்டும் அளந்து பார்த்தால் யார் பக்கம் நியாயம் என்று சொல்லவே முடியாது. வாசலில் நிறுத்தப்பட்டவன் எப்படித் துடித்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பக்தி வைத்தியநாதய்யருக்குத் துணிச்சல் கொடுத்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவன்தான்.

கேள்வி: அப்படியானால் நாத்திகனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது?
– வாசகர், தேனி

பதில்: ஆந்திராவில் கோரா என்று ஒரு நாத்திகர் இருந்தார். காந்தியோடு அவருடைய சேவாகிராம ஆசிரமத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடியவர். தன் மகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனுக்குக் கட்டிக்கொடுக்க அவர் முடிவெடுத்தபோது, ஆசிரமத்திலேயே கல்யாணத்தை நடத்திவைக்கக் காந்தி சம்மதித்தார். அதற்குள் காந்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது. கடவுள் விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, தீண்டாமை விஷயத்தில் கோராவுக்கும் காந்திக்கும் தகராறே இல்லை.

கேள்வி: முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கூடவே கூடாது! என் அக்கா திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவள். மாத்திரை, குளுக்கோஸ் பாக்கெட் இரண்டும் இடுப்புப் பையில் இருக்கும். வழியில் சுகர் இறங்கினால் முதலில் குளுக்கோஸ், அப்புறம்தான் அரோகரா.