ஆங்கிலத்தில் 'இஃப்' (if) வந்தாலே 'வேர்' (were) போட வேண்டுமா?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் நர்சிங் முடித்துவிட்டு, இங்கிலாந்து வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கிறார். பயிற்சிக் கடிதம் ஒன்றில் 'இஃப் ஐ வாஸ் ரூட் டு யூ ஆன் மண்டே, ஐ அபாலஜைஸ்' (திங்கட்கிழமை உங்களிடம் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்) என்று எழுதினாராம். பயிற்சி மையத்தில் 'வாஸ்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'வேர்' என்று திருத்தியிருக்கிறார்கள். 'இஃப் வந்தால் எப்போதும் வேர்தான், இதற்குப் பெயர் சப்ஜங்டிவ், இதற்குத் தனி வகுப்பு, தனிக் கட்டணம்' என்றும் சொன்னார்களாம். பணம் கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள் அம்மா. உங்கள் மகள் எழுதியதுதான் சரி.

'இஃப்' என்று தொடங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லப்போவது உண்மையாகவே நடந்திருக்கக்கூடியதா, இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசுவதா? 'நான் கலெக்டராக இருந்தால் மூக்கனேரியை உடனே தூர்வாருவேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் கலெக்டர் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அங்கேதான் 'இஃப் ஐ வேர் த கலெக்டர்' வரும். இந்த 'வேர்' பன்மை அல்ல. இல்லாததைச் சொல்லப் பழைய ஆங்கிலத்தில் இருந்த தனி வினை வடிவத்தின் மிச்சம். மையத்தில் சொன்ன சப்ஜங்டிவ் இதுதான். மற்ற வினைகளில் அது சாதாரண இறந்தகாலத்தோடு கலந்துவிட்டது. இந்த ஒரு சொல்லில்தான் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போதைய நிலையைச் சொல்ல இறந்தகாலச் சொல் எதற்கு என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழில் நாமும் அதைத்தான் செய்கிறோம். 'இருந்தால்', 'வந்தால்', 'போனால்' எல்லாம் இறந்தகால அடியில் பிறந்தவை. நாளை வரப்போகிறவரைப் பற்றித்தான் 'அவர் வந்தால்' என்கிறோம். இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். நம் வகுப்பறைகளிலோ முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று வாய்பாடாக ஒப்பிக்க வைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை, தன் மனதில் உள்ள ஒரு 'ஆனால்', ஒரு 'இருந்தால்' சொல்ல முடியாமல் நிற்கிறது. பார்க்கவே ஆற்றாமையாக இருக்கிறது.

இனி உங்கள் மகளின் வாக்கியம். திங்கட்கிழமை அவர் கடுமையாகப் பேசினாரோ இல்லையோ, பேசியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் மன்னிப்புக் கேட்கிறார். இதில் கற்பனைக்கு இடமே இல்லை. நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றிய பேச்சு. ஆகவே 'வாஸ்'. இதே போல, நேற்று மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ் தாமதமாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவு, மழை வேறு. தாமதமாகியிருக்கலாம். 'இஃப் த பஸ் வாஸ் லேட் யெஸ்டர்டே, த டிரைவர் வாஸ் நாட் டு ப்ளேம்' என்றுதான் எழுத வேண்டும். இங்கே 'வேர்' போட்டால் பிழை. அதிலும், சரியாக எழுத வேண்டும் என்ற பயத்தில் விளைகிற பிழை. படித்த ஆங்கிலேயர்களே இதில் சறுக்குவதுண்டு.

நமக்கு இது கூடுதல் சிக்கலாவதற்குக் காரணம் இருக்கிறது. 'நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்' என்கிறோம். 'அப்படிப் பேசியிருந்தால் வேலை போயிருக்கும்' என்றும் சொல்கிறோம். முதலாவது நடந்திருக்கலாம், இரண்டாவது நடக்கவில்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே 'பேசியிருந்தால்'. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துக் கேட்கிறது. நடக்காமல் போன பழையதற்கு 'ஹேட்' வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்று யோசிப்பது, நடந்ததை மாற்றிப் பார்ப்பது. 'இஃப் காக்பர்ன் ஹேட் நாட் ப்ராட் காபி' என்று தொடங்கி, அடுத்த பாதியில் 'வுட் ஹேவ்' போட வேண்டும். 'வுட்' அந்த அடுத்த பாதியோடு நிற்கட்டும். 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று நம்மவர்கள் எழுதுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். தேர்வுத் தாளில் 'இஃப்' உள்ள பாதியில் 'வுட்' வேண்டாம்.

பேச்சில் 'இஃப் ஐ வாஸ் யூ' என்று சொல்லிவிட்டால் நடுங்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர்கள் அன்றாடம் அப்படிப் பேசுகிறார்கள். எழுத்தில் 'இஃப் ஐ வேர் யூ' என்று பழகிக்கொள்ளட்டும்.

இப்போது அந்தப் பயிற்சி மையம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் இலக்கணத்துக்கென்று தனித் தாளே கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். எழுத்திலும் பேச்சிலும் பார்க்கிற நான்கு அம்சங்களில் இலக்கணமும் ஒன்று, அவ்வளவுதான். இந்த ஒரு 'வேர்' அதில் எவ்வளவு பெறும்? இதற்காகத் தனிக் கட்டணம் கேட்கிறவர்கள், தெரியாத பெயரைச் சொல்லிப் பெற்றோரின் பயத்தைக் காசாக்குகிறார்கள். அடுத்து அவர்களே 'வேலையும் நாங்களே வாங்கித் தருகிறோம்' என்பார்கள். இந்த வரிசையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, செவிலியர்களையும் அனுப்புகிறது. அங்கே முதலில் விசாரியுங்கள்.

மகளின் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் ஏற்கெனவே அந்த மையத்தில் கொடுத்திருந்தால் இந்த வாரமே போய் வாங்கி வாருங்கள். அவர்களுக்கு நகல் போதும். திருத்திய கடிதத்தையும் கேட்டு வாங்கி, சிவப்பு மைக்கு மேல் மறுபடியும் 'வாஸ்' என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.