போனிலேயே கம்பைல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள், மறுபடியும்: போனின் மாடல், ஆண்ட்ராய்டு எத்தனை, திரையில் வந்த பிழைச் செய்தி முழுவதும். இந்த மூன்றையும் எழுதுங்கள். கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது. கம்பைலர் (எழுதிய நிரலைப் போன் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) சொல்லும் பிழைகளில் முதலாவதுதான் முக்கியம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

பொறியியல் முதலாண்டு மாணவர், சிவாஜிநகர்: டவுன்லோட் ஃபோல்டரில் சி நிரல் எழுதி, கிளாங் கம்பைலரில் கம்பைல் செய்தேன். பிழை வரவில்லை. ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. சிஎச்மாட் (பைலின் அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டும் அதேதான். நண்பனின் பைத்தான் நிரல் மட்டும் அதே ஃபோல்டரில் ஓடுகிறதே, எப்படி?

நூறு தடவை சிஎச்மாட் போட்டாலும் அதேதான் வரும், தம்பி. டவுன்லோட் ஃபோல்டர் இருப்பது போனின் பொதுச் சேமிப்பிடத்தில். அங்கிருந்து எந்த பைலையும் நேரடியாக ஓட்ட ஆண்ட்ராய்டு விடாது. அந்த இடம் 'நோஎக்ஸெக்' (ஓட்டத் தடை) என்ற விதியோடுதான் இணைக்கப்படுகிறது. அனுமதிக் குறியை மாற்றுவதும் அங்கே செல்லாது. நிரல் அங்கேயே இருக்கட்டும். கம்பைல் செய்யும்போது மைனஸ் ஓ கொடுத்து, வெளிவரும் பைல் டெர்மக்ஸின் ஹோம் டைரக்டரியில் போய் விழும்படி செய்யுங்கள். ஓடும். நண்பர் விஷயத்தில் ஓடுவது டெர்மக்ஸுக்குள் இருக்கும் பைத்தான். அவருடைய பைலை அது படிக்க மட்டும் செய்கிறது, படிப்பதற்குத் தடை இல்லை.

அவருடைய வகுப்புத் தோழர்: கோனியோ.எச் (conio.h) என்ற ஹெடர் பைல் கிடைக்கவில்லை என்று கம்பைலர் சொல்கிறது. எந்த பேக்கேஜில் இருக்கிறது?

எதிலும் இல்லை. அது டர்போ சி காலத்து டாஸ் சமாச்சாரம். அந்த வரியையும், திரையைத் துடைக்கும் வரியையும், கடைசியில் வரும் கெட்ச்சையும் எடுத்துவிடுங்கள். வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். பழைய லேப் நோட்டுகளை அப்படியே நகல் எடுப்பதை நிறுத்துங்கள்.

டூ வீலர் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், ஸ்ரீராமபுரம்: ரசீது போடச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். டெர்மக்ஸ் பழசு, ப்ளே ஸ்டோரில் எடுத்தது. இப்போது எந்த பேக்கேஜும் இறங்க மறுக்கிறது.

உங்கள் நிரலைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. கோளாறு டெர்மக்ஸில்தான். ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, ஒரு செயலி தன் சொந்த டைரக்டரியில் எழுதிய பைலைத் தானே ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. டெர்மக்ஸின் உயிரே அதில்தான் இருக்கிறது: பேக்கேஜை இறக்கி, அங்கேயே ஓட்ட வேண்டும். புது ஆண்ட்ராய்டை இலக்காகக் கொள்ளாத செயலிகளுக்கு ப்ளே ஸ்டோர் அப்டேட் தராது. அதனால் 2020-ல் அந்தக் கடையில் டெர்மக்ஸ் நின்றுபோனது. பிறகு தனிக் கிளையாக ஒன்று அங்கே வந்திருக்கிறது, ஆனால் அது பல இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எஃப்-ட்ராய்டிலோ (திறந்த மூலச் செயலிகளின் கடை) கிட்ஹப்பிலோ (நிரல்களை வைக்கும் இணையதளம்) எடுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் ஓடும்.

ஆனால் முதலில் இதைச் செய்யுங்கள்: ஹோம் டைரக்டரியில் இருக்கும் எல்லாவற்றையும் டார் பைலாகக் கட்டி டவுன்லோட் ஃபோல்டரில் வையுங்கள். டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்த நொடியில் ஹோம் டைரக்டரி முழுவதும் போய்விடும், மீட்க வழியே இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒருவராவது கண்ணீரோடு எழுதுகிறார். உங்கள் ரசீதுக் கணக்கு அந்த வரிசையில் சேர வேண்டாம்.

துணிக்கடை ஊழியர், கே.ஆர்.புரம்: பி.காம். முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதக் கற்க ஆசை. மாரத்தஹள்ளியில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். லேப்டாப் இல்லாமல் சேர்க்க முடியாது, 60 ஆயிரத்துக்கு நாங்களே தவணையில் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். என்னிடம் 6 ஜிபி ராம் உள்ள போன் இருக்கிறது. போனில் கற்றுக்கொள்ள முடியாது என்பது உண்மையா?

உண்மை இல்லை. தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தக் கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. 12 ஆயிரமோ 15 ஆயிரமோ சம்பளம் வாங்கும் ஒருவரை, ஒரு வரி நிரல்கூட எழுதிப் பார்க்கும் முன்பே கடனாளியாக்கி உட்கார வைக்கிறார்கள். படிப்பு பிடிக்கவில்லை என்றாலும் தவணை நிற்காது. பாதியில் வகுப்பை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பாதி விலைக்கு விற்றவர்களை எனக்கு நேரில் தெரியும்.

உங்கள் கையில் இருப்பது பொம்மை இல்லை. அதில் இருப்பது 64 பிட் ஏஆர்எம் ப்ராசஸர். ஆப்பிள் 2020-லிருந்து தன் மேக் கணினிகளில் போட்டுவருவதும், அமேசான் தன் கிராவிடான் சர்வர்களில் வைத்திருப்பதும் இதே வகைதான். டெர்மக்ஸில் பைத்தான், ஜாவா, சி, ரஸ்ட், கோ, நோட் எல்லாம் பேக்கேஜாகக் கிடைக்கின்றன. ஜாவாவுக்கு ஓப்பன்ஜேடிகே 17 போதும். தரவுத்தளங்களான மரியாடிபியும் போஸ்ட்கிரெஸும் உண்டு. எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தின் மூல நிரல் ஒரே பைலாகச் சுமார் இரண்டரை லட்சம் வரி. நடுத்தர போனில் ஓரிரு நிமிடத்தில் கம்பைல் ஆகிவிடும். நீங்கள் முதல் ஆறு மாதத்தில் எழுதப்போகும் எதுவும் சில நூறு வரிகளைத் தாண்டாது.

முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போனில் ஓடாது. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) சாதாரண போன் கெர்னலில் ஓடாது. 'எண்டர்ப்ரைஸ் ஜாவா' என்று பெரிய எடிட்டரைத் திறந்து வைத்துச் செய்யும் வேலையும் வசதிப்படாது. சின்னத் திரையில் நீளமான நிரலை வாசிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான். ஆனால் இவை எல்லாம் இரண்டாம் கட்டத்தில் வருபவை. மாறிகள், லூப், பங்ஷன், பைல் கையாளுதல், கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி), இவை வரைக்கும் போன் தாராளமாகத் தாங்கும்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு புளூடூத் கீபோர்டு வாங்குங்கள். ஒரு ஸ்டாண்ட், நூறோ இருநூறோ. முதலில் பைடிராய்ட் 3 போட்டுக்கொள்ளுங்கள். பைத்தான் உள்ளேயே இருக்கிறது, நெட் இல்லாமல் ஓடும். கை பழகியதும் டெர்மக்ஸுக்கு வாருங்கள். எழுதுவதை அன்றன்றைக்கே கிட் மூலம் இணையத்துக்குப் புஷ் செய்யுங்கள். போன் தொலைந்தாலும் நிரல் தொலையாது. நாலைந்து மாதம் கழித்தும் ஆர்வம் அப்படியே இருந்தால், பெங்களூரின் மின்னணுக் கடைவீதியான எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பழைய லேப்டாப் ஒன்றை 15 ஆயிரம், 20 ஆயிரத்துக்குப் பாருங்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இல்லாததைத் தொடாதீர்கள்.

அந்த நிலையத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'முதல் மாதப் பாடத்தில் எது போனில் ஓடாது?' பதில் சொல்ல முடிந்தால் மற்றதை யோசிக்கலாம்.

டெலிவரி வேலை பார்ப்பவர், மர்ஃபி டவுன்: வீடியோவில் ஒரு கட்டளை காட்டினார்கள். அதை டெர்மக்ஸில் ஒட்டினேன். இப்போது டெர்மக்ஸைத் திறந்தாலே ஏதோ படம் வந்து உடனே மூடிக்கொள்கிறது.

அந்த ஒற்றை வரி என்ன செய்தது தெரியுமா? எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, நீங்கள் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் நேராக பேஷிடம் (கட்டளைகளை நிறைவேற்றும் நிரல்) கொடுத்துவிட்டது. அது டெர்மக்ஸ் திறந்ததும் ஓடும் உங்கள் பேஷ்ஆர்சி பைலை மாற்றியிருக்கிறது. டெர்மக்ஸ் ஐகானை அழுத்திப் பிடியுங்கள், 'ஃபெயில்சேஃப்' என்று ஒன்று வரும். அதில் நுழைந்து, அந்த பைலின் பெயரை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். திறக்கும். சேமிப்பிடத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அந்த ஸ்கிரிப்ட் படித்திருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இறக்கும் கட்டளையான கர்லுக்குப் பின்னால் குழாய்க் குறி (|) போட்டு பேஷ் என்று முடியும் எந்த வரியையும் ஒட்டாதீர்கள். முதலில் பைலாக இறக்குங்கள், திறந்து படியுங்கள், புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்டு: பெரிய சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்ட் ஒன்றை கம்பைல் செய்கிறேன். பாதியில் 'சிக்னல் 9' என்று டெர்மக்ஸே செத்துப்போகிறது. ஆண்ட்ராய்டு 14.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து, செயலிகள் பின்னால் கிளப்பிவிடும் துணைப் ப்ராசஸ்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் சிஸ்டம் கொல்ல ஆரம்பிக்கும். மேக் (make) கட்டளையில் ஒரே நேரத்தில் எட்டு வேலை என்று மைனஸ் ஜே 8 போட்டிருப்பீர்கள். அதை 2 ஆக்குங்கள். ராமும் மிஞ்சும், போனும் கொதிக்காது. 14-ல் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'சைல்ட் ப்ராசஸ்' கட்டுப்பாட்டை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். அப்புறம், நோட்டிஃபிகேஷனில் 'அக்வயர் வேக்லாக்' (போன் தூங்காமல் வைப்பது) தட்டுங்கள். பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து டெர்மக்ஸை விலக்குங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே மணிக்கணக்கில் கம்பைல் செய்ய வேண்டாம், பேட்டரி உப்பும்.

அவருடன் வேலை பார்ப்பவர்: கெங்கேரியிலிருந்து தினமும் மெட்ரோ. வழியில் நிரல் எழுதுகிறேன். மாகடி ரோடு தாண்டி சுரங்கத்துக்குள் போனால் என் கம்பைலர் செயலி நின்றுவிடுகிறது. ஆபீஸ் நிரலைத்தான் சோதித்துப் பார்க்கிறேன்.

நின்றுவிடுகிறது என்றால் அந்தச் செயலி போனில் கம்பைல் செய்வதே இல்லை. நீங்கள் எழுதியதை யாருடைய சர்வருக்கோ அனுப்பி, விடையை மட்டும் வாங்கிக் காட்டுகிறது. வேகத்தை விடுங்கள், ஆபீஸ் நிரலை அதில் ஒட்டினீர்கள் என்றால் அது ஏற்கெனவே வெளியே போய்விட்டது. பாஸ்வேர்டோ டோக்கனோ அதில் இருந்திருந்தால் இன்றே மாற்றுங்கள், ஆபீஸிலும் சொல்லிவிடுங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: ஏரோப்ளேன் மோட் போட்டு ஓட்டிப் பாருங்கள். சி பிளஸ் பிளஸுக்கு சிஎக்ஸ்எக்ஸ்டிராய்ட் அப்படி ஓடும், டெர்மக்ஸும் ஓடும்.

கல்லூரி விரிவுரையாளர், அல்சூர்: ஐபோனில் இதெல்லாம் முடியுமா?

குறைவாக முடியும். மற்ற செயலிகள் இயந்திரக் குறியீட்டை உடனுக்குடன் உருவாக்கி ஓட்டுவதை ஆப்பிள் விடுவதில்லை. அதனால் ஒவ்வொருவரும் சுற்றுவழியில் போகிறார்கள். ஏ-ஷெல் உங்கள் சி நிரலை வெப்அசெம்ப்ளியாக (பிரவுசர் ஓட்டும் குறியீடு) கம்பைல் செய்து ஓட்டும். ஐஎஸ்எச் ஒரு எக்ஸ்86 (சாதாரண பிசி வகை) கணினியையே பாவனை செய்து அதற்குள் ஆல்பைன் லினக்ஸை ஓட்டும், மெதுவாக. இரண்டும் இலவசம். ஐபேட் இருந்தால் ஸ்விஃப்ட் ப்ளேகிரவுண்ட்ஸில் 2021-லிருந்து முழுச் செயலியே கட்டலாம். மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: செட்டிங்ஸில் கீபோர்டுக்குள் 'ஸ்மார்ட் பங்ச்சுவேஷன்' அணைத்து வைக்கட்டும். அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், கம்பைலருக்குப் புரியாது.

எம்.எஸ்சி. மாணவி, ஜெயநகர்: பிப் கட்டளை மூலம் நம்பை என்ற பைத்தான் கணித நூலகத்தைப் போட்டால் அரை மணி நேரம் ஓடி பிழையில் முடிகிறது.

பிப் அதை மூலத்திலிருந்து கட்டப் பார்க்கிறது. டெர்மக்ஸின் பிகேஜி கட்டளையில் பைத்தான்-நம்பை என்று கேளுங்கள், ஒரு நிமிடத்தில் முடியும்.

பிக்சல் போன் வைத்திருப்பவர், இந்திராநகர்: புதிதாக 'டெர்மினல்' என்று ஒன்று வந்திருக்கிறதே, டெர்மக்ஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?

2025 மார்ச் அப்டேட்டில் வந்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் லினக்ஸ் சூழலை இயக்க வேண்டும். அது ஒரு மெய்நிகர் இயந்திரம், உள்ளே ஓடுவது முழு டெபியன் லினக்ஸ். ஏப்ட் கட்டளை போட்டு ஜிசிசி கம்பைலரை இறக்கலாம், பையோனிக் (ஆண்ட்ராய்டின் சொந்த சி நூலகம்) சிக்கல்கள் எதுவும் வராது. போனின் ராமைக் கணிசமாகத் தின்னும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கிட் புஷ் மறக்க வேண்டாம், அந்தச் சூழலை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும்.

பள்ளி மாணவர், டொம்லூர்: லூப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. போன் கீபோர்டில் கன்ட்ரோல் எங்கே?

டெர்மக்ஸில் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே சி தட்டு, தம்பி. வால்யூம் கூட்டும் பட்டனோடு ஈ என்றால் எஸ்கேப், டி (T) என்றால் டேப்.