ட்ரெட்மில் இருக்கும்போது பூங்கா எதற்கு?

கேள்வி: வயது 36, சென்னையில் வீட்டிலிருந்தே ஐடி வேலை. தினமும் 40 நிமிடம் ட்ரெட்மில்லில் நடக்கிறேன். ஆனாலும் இரவு 1 மணி வரை தூக்கம் வருவதில்லை, காலையில் அசதி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். வைட்டமின் டி மட்டும் குறைவு, மாத்திரை எடுக்கிறேன். பூங்காவில் நடக்கச் சொல்கிறார்கள். எங்கே நடந்தாலும் ஒன்றுதானே டாக்டர்?

பதில்: கால்களுக்கும் இதயத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் தூக்கத்துக்கு ஒன்றல்ல.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கு போட்ட அறையில் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே மேகம் மூடிய பகலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ், நல்ல வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். கண் பழகிக்கொள்வதால் அறை நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை, ஆனால் மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரத்துக்கு அது போதாது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் பொழுது விடிந்தது என்று அது கணக்கைத் தொடங்கும், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனும் இரவில் நேரத்துக்குச் சுரக்கும். பகல் முழுக்க அறை, ராத்திரியில் மானிட்டர் என்றால் அந்தக் கணக்கு தள்ளித் தள்ளிப் போகும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். கூலிங் கிளாஸ் வேண்டாம், சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். வெளிச்சத்துக்கு மொட்டைமாடியே போதும்.

அப்புறம் ஏன் பூங்கா? எரிச்சலுக்காக. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2015-ல் 38 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் மரங்களும் புல்வெளியுமான இடத்தில் 90 நிமிடம் நடந்தார்கள், மற்றவர்கள் வண்டிகள் நிறைந்த சாலையோரம் அதே 90 நிமிடம் நடந்தார்கள். நடை ஒன்றுதான், ஆனால் மனதுக்குக் கஷ்டமானதையே திரும்பத் திரும்ப நினைத்து மனதுக்குள் புழுங்குவது மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்குத்தான் குறைந்தது. சிறிய ஆய்வுதான், சரி. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களைப் பார்த்தபோதும், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போவார்கள் என்பதும் உண்மை, ஆகவே அதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் செலவிட்டாலும் பிரித்துச் செலவிட்டாலும் பலன் ஒன்றாகவே தெரிந்தது, வேலை நெருக்கடியில் இருக்கும் உங்களுக்கு அது நல்ல செய்தி. நாகேஸ்வர ராவ் பூங்காவோ பெசன்ட் நகர் கடற்கரையோ பக்கத்தில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் மரமுள்ள ஒரு தெரு போதும். போனைப் பையிலேயே வையுங்கள், மீட்டிங் பேசிக்கொண்டே நடந்தால் அதே அலுவலகம்தான்.

வைட்டமின் டி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதிகாலை வெயிலில் அதற்கான புற ஊதாக் கதிர் மிகக் குறைவு, ஜன்னல் கண்ணாடி வழியாக அநேகமாக வராது. அதற்காகச் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் போய் நிற்கவும் வேண்டாம்.

மூன்று, நான்கு வாரம் தவறாமல் செய்து பாருங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள், ஆமாம் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எதிலும் ஆர்வமில்லாமல், மனம் சோர்ந்தே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பூங்காவை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.