வாசகர் கேள்வி - பதில்: புள்ளி வச்ச ரேசர்

கேள்வி: நாங்க அமெரிக்காவுல லூசியானால இருக்கோம், டெக்சாஸ் பார்டர் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி புல்லுல கருநீலமா ஒரு பாம்பு அடிக்கடி ஓடுது, நாலடி இருக்கும், மேலெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமா புள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் இது ரேசர்ங்கற பாம்பு வகைதான், விஷம் கிடையாதுங்கறார். ஆனா நெட்ல பார்த்த பிளாக் ரேசருக்குப் புள்ளியே இல்லையே? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: அவர் சொன்னது கரெக்ட்டுங்க. போட்டோவைப் பார்த்தா பட்டர்மில்க் ரேசர்ங்கற துணை இனம் மாதிரிதான் இருக்கு, லூசியானா, கிழக்கு டெக்சாஸ், தெற்கு ஆர்கன்சாஸ் வட்டாரத்துப் பாம்பு. நீங்க நெட்ல பார்த்தது தெற்கத்தி பிளாக் ரேசரா இருக்கும், ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கம் நிறைய, உடம்பு முழுக்க கறுப்பு, தாடை மட்டும் வெள்ளை. ரெண்டும் ஒரே இனம்தான், ஊருக்கு ஊர் கலர் மாறுது, அவ்வளவுதான்.

புள்ளின்னதும் ஸ்பெக்கிள்டு கிங்ஸ்நேக்கோன்னு ஒரு சந்தேகம் வரும், அதுவும் உங்க பக்கம் உண்டு, விஷமில்லாததுதான். ஆனா அதுக்கு கிட்டத்தட்ட ஒவ்வொரு செதில்லயும் பொட்டு வச்ச மாதிரி சின்னதா ஒரு மஞ்சள் இருக்கும். உங்க போட்டோல அப்படி இல்ல, இங்க நாலு செதில் முழுசா வெளுத்திருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல, அப்புறம் திடீர்னு கொத்தா வருது. இந்த ஒழுங்கில்லாத தெளிப்புதான் பட்டர்மில்க். கண்ணும் பெருசு, மேல புருவம் மாதிரி ஒரு விளிம்பு, அதனாலதான் எப்பவும் கோவமா முறைக்கிற மாதிரி தெரியுது! ராட் ஸ்நேக்னா (எலிப்பாம்பு) செதில் நடுவுல லேசா ஒரு கோடு எழும்பியிருக்கும், இது வழவழன்னு இருக்கு.

குட்டிய பார்த்தா வேற பாம்புன்னு நினைச்சிடாதீங்க, சாம்பல் கலர்ல பழுப்புத் திட்டோட இருக்கும், ரெண்டு மூணு வயசுல அது மறைஞ்சிடும். மடக்கினா வாலை சருகுல படபடன்னு அடிக்கும், கிலுகிலுப்பை விரியன்னு பயந்து நிறைய பேர் அடிச்சே கொன்னுடறாங்க, பாவம். பிடிக்கப் போனா கடிக்கும், ரத்தமும் வரும், சோப்பு போட்டுக் கழுவிக்கங்க.

ஒரு விஷயம், மேற்கு லூசியானா பைன் காட்டுப் பக்கம் டேன் ரேசர்னு வெளிர் பழுப்புல இன்னொண்ணு இருக்கு, ரெண்டும் சந்திக்கற இடத்துல கலப்பும் வரும். டிஎன்ஏ ஆய்வுகள்ல வேற இந்த துணை இனக் கோடுகள் சரியா பொருந்தலைங்கறாங்க, அதனால பேர்ல ரொம்ப அடம்பிடிக்க வேண்டாம். நீங்க எந்த பாரிஷ்னு (லூசியானால மாவட்டம் மாதிரி) எழுதுங்க, முடிஞ்சா தூரத்துல இருந்தே ஜூம் பண்ணி தாடை தெரியற மாதிரி இன்னொரு போட்டோவும்.